இறக்கையும் கூரையும்

விமான நிறுவனம் விற்கும் சரக்கு இருக்கை. அன்றைய இருக்கையை அன்றே விற்றாக வேண்டும். விமானம் மேலே எழும்பிவிட்டால் காலி இருக்கைக்கு விலை இல்லை. எரிபொருள், விமானி சம்பளம், இறங்குதளக் கட்டணம், பழுதுபார்ப்பு என்று செலவுகளோ, இருக்கை நிறைந்தாலும் காலியாகக் கிடந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நிற்கும். போர், எண்ணெய் விலை, நோய்ப் பரவல், மந்தநிலை என எது வந்தாலும் முதல் அடி இந்தத் தொழிலுக்கே விழுகிறது. அதனால்தான் உலகெங்கும் விமான நிறுவனங்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் பக்கத் தொழில்களைத் தேடிப் போயின. பயணி சாப்பிட வேண்டும், இறங்கிய ஊரில் தங்க வேண்டும், வாடகைக் கார் எடுக்க வேண்டும். இந்தப் பணமெல்லாம் பிறர் கைக்குப் போவானேன் என்ற எண்ணம் நிர்வாகிகளுக்கு எழுவது இயல்பு. விடுதி, விமான உணவுக்கூடம், பயண முகமை, பொறியியல் பணிமனை எல்லாம் இப்படித்தான் விமான நிறுவனங்களின் கணக்கில் ஏறின.

இந்தக் கணக்கில் ஓர் இடறல் தொடக்கத்திலிருந்தே உண்டு. விடுதி அறையும் விமான இருக்கையைப் போன்றதே. அன்றிரவு விற்காத அறை மறுநாள் உதவாது. பயணிகள் குறைந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் வருமானம் குறையும். ஆகவே வருமானத்தைப் பொறுத்தவரை விடுதி ஒரு விமான நிறுவனத்துக்குப் பெரிய காப்பு அல்ல. ஆனால் விடுதி நிற்பது நிலத்தின் மேல். விமானம் ஆண்டுக்காண்டு மதிப்புக் குறையும் பொருள்; விமான நிலையத்துக்கு அருகே வாங்கிப் போட்ட நிலம் ஆண்டுக்காண்டு மதிப்பு ஏறும் பொருள். இனி வரும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றை இந்த வேறுபாடே தீர்மானித்தது.

தமிழ்நாட்டில் விமானம், விடுதி, ஆலை, திரையரங்கு ஆகிய எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்திருந்த முதலாளி என்றால் கோட்டையூர் ராம. அழகப்பச் செட்டியாரையே முதலில் சொல்ல வேண்டும். அவர் காலத்துச் செட்டிநாட்டு நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய முயற்சிகளின் பின்னணி விளங்கும். நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகர்கள் கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் லேவாதேவி நடத்த, போன நாடுகளில் பர்மாவே பெரிது. 1930களின் நெருக்கடியில் கடன் திரும்பாமல் போனதால் ஈட்டு நிலங்கள் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் அப்படி அவர்கள் பெயருக்கு மாறியது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் வரை கடையைப் பூட்டிவிட்டு, முடிந்தவர்கள் கப்பலிலும் முடியாதவர்கள் அரக்கான், அசாம் மலைவழிகளில் நடந்தும் ஊர் திரும்பினார்கள். விடுதலைக்குப் பிறகு 1948இல் பர்மிய அரசு கொண்டுவந்த நில தேசியமயச் சட்டம், திரும்பக் கிடைக்கும் என்றிருந்த நம்பிக்கையையும் முடித்துவைத்தது.

லேவாதேவியிலும் நிலத்திலும் இருந்த முதல் வேறு துறைகளுக்குத் திரும்பியது இந்தச் சூழலில்தான். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்திருந்தார். காரைக்குடியில் பிறந்த ஏவி. மெய்யப்பன் 1946இல் ஊருக்கு வெளியே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படப்பிடிப்பு நடத்தினார். பிறகுதான் ஏவிஎம் கோடம்பாக்கத்துக்குப் போனது. ஆலை, காப்பீடு, படம், தோட்டம் என்று ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தெரிந்த வழியில் முதலைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது.

அழகப்பர் 1909இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, லண்டனில் சட்டம் படித்தார். அங்கே குரோய்டனில் விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கினார். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் அன்று மோட்டார் காரே பெருமைக்குரிய பொருளாக இருந்தது. அந்தக் காலத்தில் இது சாதாரண ஆசை அல்ல. திரும்பி வந்ததும் கேரளத்தில் நூற்பாலை தொடங்கினார். திருச்சூர் மாவட்டத்தில் அந்த ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே அழைக்கப்படுகிறது. மலாயாவில் ரப்பர்த் தோட்டம், பங்குத் தரகு நிறுவனம், காப்பீடு, விடுதி, சென்னையில் திரையரங்கு என்று தொழில்கள் பெருகின. அந்த வரிசையில் ஒன்றுதான் ஜூபிடர் ஏர்வேஸ்.

ஜூபிடர் பிறந்த நேரம் இந்திய வான்வழித் தொழிலின் அவசர காலம். உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படையின் டக்கோட்டா விமானங்கள் உபரிச் சரக்காக மலிவு விலைக்கு வந்தன. இருபத்தொரு பேர் முதல் இருபத்தெட்டுப் பேர் வரை உட்காரக்கூடிய, மண் தரையிலும் இறங்கவல்ல, இரட்டை எஞ்சின் விமானம் அது. விமானம் மலிவு என்றதும் தொழிலே மலிவு என்று பலர் நினைத்தார்கள். 1946இல் உரிமம் வழங்கும் வாரியம் அமைந்த பிறகு இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதிவு செய்துகொண்டன. பயணிகளின் எண்ணிக்கையோ அவற்றில் பாதிக்கும் போதாது. எண்ணெய் விலை ஏறியது. உதிரிபாகம் டாலரில் வந்தது. கட்டணத்தை ஏற்றினால் பயணி ரயிலுக்குப் போய்விடுவார். அரசு எரிபொருள் வரியில் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தது. 1949 ஜனவரி 30இல் தொடங்கிய இரவு அஞ்சல் சேவை சிலருக்குக் கொஞ்சம் மூச்சு தந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் கிளம்பும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் சந்தித்து, அஞ்சல் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும் ஏற்பாடு அது. ஜூபிடர் இந்த நெருக்கடியில் தாக்குப் பிடிக்கவில்லை. 1953இல் உள்நாட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் அமைத்தபோது சேர்ந்த பெயர்களில் டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், கலிங்கா போன்றவை இருந்தன, ஜூபிடர் இல்லை.

அழகப்பருடைய விமானத் தொழிலையும் விடுதித் தொழிலையும் ஒன்றுக்கொன்று துணையாக நடந்தவை என்று சொல்வதற்கில்லை. அவர் வைத்திருந்தது ஒரு வீட்டின் பல கடைகள். நகரத்தார் மரபில் ஒவ்வொரு கடைக்கும் தனி விலாசம், தனிப் பேரேடு, தனி மேலாள். ரங்கூன் கடையின் நட்டம் பினாங்குக் கடையின் ஐந்தொகையில் ஏறாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கு முடித்து ஆள் மாற்றுவார்கள். ஒரு கடை மூழ்கினாலும் மற்றவை நிற்க இந்த ஏற்பாடு உதவியது. விமான நிறுவனமே தாயாக இருந்து விடுதியைப் பெற்ற பிற்காலக் கதைகளில் இந்தத் தடுப்பு இல்லாததையே பெரிய குறையாகச் சொல்ல வேண்டும். தாய்க்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு முறையும் பிள்ளை விற்கப்பட்டது.

அழகப்பரின் பெயர் விமானத்தால் நிலைக்கவில்லை, கல்வியால் நிலைத்தது. 1947 ஜூலையில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று மேடையில் கேட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11இல் காரைக்குடி காந்தி மாளிகையில் அழகப்பா கலைக் கல்லூரி திறந்தாயிற்று. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். கோட்டையூரில் தாம் வாழ்ந்த மாளிகையையும் பெண்கள் படிப்புக்கு எழுதிவைத்தார். 1957 ஏப்ரலில், 48ஆம் பிறந்தநாளுக்கு முதல்நாள், காலமானார். தொழிலில் ஈட்டிய முதலை இப்படிக் கட்டடமாகவும் நிலமாகவும் ஊரில் நிறுத்தியது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இன்றைய காரைக்குடியின் வரைபடமே காட்டும்.

டக்கோட்டாவோடு செட்டிநாட்டின் வீடுகளை ஒப்பிட்டால் சொத்து என்பதன் இரு வகைகளும் தெளிவாகத் தெரியும். 1946இல் வாங்கிய டக்கோட்டா காலப்போக்கில் பழைய இரும்பு விலைக்கு வந்துவிட்டது. அதே காலத்தில் போட்ட ஆத்தங்குடித் தரை இன்றும் வழுவழுப்பாக இருக்கிறது. காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் இந்தக் கல் செய்யும் முறை இன்னும் மாறவில்லை. ஒரு சதுரக் கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம்; வெள்ளை சிமெண்டில் குழைத்த சாயக்குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைக் குலுங்காமல் தூக்க வேண்டும். கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டுப் பொடியைத் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, உள்ளூர் மணல் கலந்த சாந்தை நிரப்பி அழுத்துவார்கள். ஒருநாள் காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறும். பிறகு கண்ணாடியைப் பிரித்தால் அதன் பளபளப்பு கல்லில் ஏறியிருக்கும். சூளையும் வேண்டாம், மெருகேற்றும் இயந்திரமும் வேண்டாம். ஆள் நடக்க நடக்க இந்தத் தரைக்கு மினுமினுப்பு கூடும். இத்தகைய தரைகொண்ட வீடுகள் அரை நூற்றாண்டுக்குப் பிறகு விடுதிகளாகும் என்று கட்டியவர்கள் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

விமான நிறுவனமே விடுதி நடத்தும் எண்ணம் அமெரிக்காவில் 1946இலேயே நிறுவன வடிவம் பெற்றது. பான் அமெரிக்கன் நிறுவனத்தின் தலைவர் ஹுவான் டிரிப்பி அந்த ஆண்டு இன்டர்கான்டினென்டல் விடுதி நிறுவனத்தைத் தொடங்கினார். தென் அமெரிக்க நகரங்களுக்குப் பான் அம் விமானம் போய் இறங்கியது. ஆனால் அமெரிக்கப் பயணி எதிர்பார்க்கும் தரத்தில் அங்கே தங்குமிடம் இல்லை. 1949இல் பிரேசிலின் பெலெம் நகரில் முதல் விடுதி வந்தது. விமானப் பாதை நீண்ட இடமெல்லாம் விடுதியும் நீண்டது. இந்தியாவில் 1965இல் டெல்லியில் ஓபராய் இன்டர்கான்டினென்டல் திறந்தது அந்தத் தொடரின் ஒரு கண்ணியே. இதைப் பார்த்து மற்ற விமான நிறுவனங்களும் இறங்கின. டிடபிள்யூஏ 1967இல் ஹில்டன் இன்டர்நேஷனலை வாங்கியது. பின்னாளில் வெஸ்டின் என்று பெயர் மாறிய விடுதிகளை யுனைடெட் 1970இல் வாங்கியது. ஏர் பிரான்ஸ் 1972இல் மெரிடியன் என்ற பெயரில் சொந்தமாகவே தொடங்கியது. ஜப்பான் ஏர்லைன்ஸ் நிக்கோ விடுதிகளை நடத்தியது.

விமான நிறுவனங்களில் மிக விரிவாகப் பக்கத் தொழிலுக்குப் போனது அயர்லாந்தின் ஏர் லிங்கஸ். சிறிய நாடு, சிறிய சந்தை, அட்லாண்டிக் கடந்த பாதையில் ஓயாத நட்டம். 1976இல் அமெரிக்காவின் டன்ஃபி விடுதிகளை அது வாங்கியது. அதுவே பின்னாளில் ஓம்னி ஆனது. பிற நிறுவனங்களின் விமானங்களுக்குப் பொறியியல் வேலை, கணினிச் சேவை, பணியாளர் பயிற்சி ஆகியவற்றையும் விற்றது. பாக்தாதின் இபன் அல் பைதார் மருத்துவமனையை நிர்வகிக்கும் ஒப்பந்தம்கூட அதன் துணை நிறுவனத்திடம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் பறப்பதில் வந்த நட்டத்தைத் தாங்கிப் பிடித்தது இந்தத் துணைத் தொழில்களின் லாபமே. பின்னர் பணம் தேவைப்பட்டபோது அவை ஒவ்வொன்றாக விற்கப்பட்டன.

யுனைடெட்டின் முடிவு இதைவிட வேகமானது. அதன் தலைவர் ரிச்சர்ட் ஃபெரிஸ், வெஸ்டினோடு ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனத்தையும் ஹில்டன் இன்டர்நேஷனலையும் சேர்த்து, 1987இல் குழுமத்துக்கே அலெஜிஸ் என்று புதிய பெயர் சூட்டினார். வீட்டிலிருந்து கிளம்பும் பயணி திரும்பி வரும்வரை ஒரே நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் திட்டம். விமானிகள் சங்கம் எதிர்த்தது. பங்குதாரர்கள், பிரித்து விற்றால் கூடுதல் விலை வரும் என்றார்கள். அந்த ஆண்டு ஜூனிலேயே அவர் விலகினார். விடுதிகளும் கார் நிறுவனமும் விற்கப்பட்டன. பான் அம் ஏற்கனவே 1981இல் இன்டர்கான்டினென்டலை 50 கோடி டாலருக்கு விற்றிருந்தது. அந்தப் பணம் பத்தாண்டு தாங்கியது. 1991 டிசம்பர் 4இல் பான் அம் மூடப்பட்டது. இன்டர்கான்டினென்டல் இன்றும் உலகெங்கும் நடக்கிறது.

இந்தியாவில் ஒரு விமான நிறுவனம் தானே முன்வந்து விடுதி நிறுவனம் தொடங்கிய பெரிய நிகழ்வு 1971இல் நடந்தது; அந்த நிறுவனம் ஏர் இந்தியா. ஜே.ஆர்.டி. டாடா 1932 அக்டோபர் 15இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையோடு தாமே ஓட்டி வந்த சிறு விமானம், விமானி நெவில் வின்சென்ட் கையில் பெல்லாரி வழியாகச் சென்னை வரை வந்தது. டாடா ஏர்லைன்ஸ் அப்படித் தொடங்கியது. 1946இல் அது ஏர் இந்தியா ஆனது; 1953இல் அரசுடைமையானது. அரசு அதன் தலைமையை டாடாவிடமே விட்டுவைத்தது. 1978 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1971இல் ஏர் இந்தியாவுக்கு முதல் போயிங் 747 வந்தது. முந்தைய 707 விமானத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பயணிகளை ஏற்றும் ஜம்போ அது. பம்பாயில் நள்ளிரவில் அப்படி ஒரு விமானம் பழுதாகி நின்றால் முந்நூற்றுச் சொச்சம் பேருக்குச் சோறும் படுக்கையும் கொடுக்க வேண்டியது விமான நிறுவனத்தின் பொறுப்பு. விமானப் பணியாளர்களுக்கும் விதிப்படி ஓய்வு கொடுத்தாக வேண்டும். பம்பாயின் நல்ல விடுதிகளோ தென்கோடியில், கொலாபா பக்கம். சாந்தாகுரூஸ் விமான நிலையத்திலிருந்து அங்கே போய்வருவதே ஒரு பயணம்.

1971 ஜூலை 8இல் ஏர் இந்தியாவின் முழு உரிமையில் ஹோட்டல் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா பதிவாயிற்று. நோக்கம் இரண்டு: விமான நிலையங்களுக்கு அருகே விடுதி, விமானங்களுக்கு உணவு. விடுதிகளுக்கு சென்டார் என்று பெயர் வைத்தார்கள்; வில் ஏந்திய அந்தப் பாதி மனித, பாதிக் குதிரை உருவம் அன்று ஏர் இந்தியாவின் சின்னம். பம்பாய் விமான நிலையத்தை ஒட்டி வட்ட வடிவக் கட்டடமாக முதல் சென்டார் எழுந்தது. டெல்லி விமான நிலையத்துக்கு அருகே இன்னொன்று 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தது. பம்பாய் ஜுஹு கடற்கரையிலும் ஸ்ரீநகர் தால் ஏரிக்கரையிலும் விடுதிகள் சேர்ந்தன. பீகாரின் ராஜ்கிரில் ஜப்பானிய பௌத்த யாத்திரிகர்களுக்கென்று ஹொக்கே விடுதியும் இந்தக் குடும்பத்தில் இடம்பெற்றது.

விமான நிலையத்து விடுதிக்குக் காரணம் இருந்தது. ஜுஹுவுக்கும் தால் ஏரிக்கும் அதே காரணத்தைச் சொல்ல முடியாது. அங்கே தாமதமான விமானத்தின் பயணியை யாரும் கொண்டுபோய்த் தங்கவைக்கப் போவதில்லை. அவை சுற்றுலா விடுதிகள். தாஜ், ஓபராய் போன்றவர்களோடு நேருக்கு நேர் போட்டி போட வேண்டியவை. அரசு நிறுவனமோ ஒரு திரைச்சீலை மாற்றுவதற்கும் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். விடுதித் தொழிலில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறையைப் புதுப்பிக்காவிட்டால் வாடிக்கையாளர் பக்கத்து விடுதிக்குப் போய்விடுவார். தாய் நிறுவனத்தின் கணக்கில் பணம் இருந்தபோது விமானம் வாங்க முதலுரிமை. பணம் இல்லாதபோது விடுதியின் வேலை தள்ளிப்போனது. சென்டார் விடுதிகளின் தேய்மானம் இங்கிருந்து தொடங்கியது என்பதே சரியான கணிப்பாக இருக்கும்.

உணவுக்கூடங்களின் நிலை வேறு. செஃப்ஏர் என்ற பெயரில் பம்பாயிலும் டெல்லியிலும் நடந்த இவற்றுக்கு ஏர் இந்தியாவே நிலையான வாடிக்கையாளர். பிற நாட்டு விமானங்களும் வாங்கின. விமானச் சமையல் தனிக்கலை. சமைத்ததைச் சூடாகவே மேலே அனுப்ப முடியாது. ஆக்கியவுடன் விசைக் குளிரூட்டியில் வைத்து வெப்பத்தை வேகமாக இறக்கி, தட்டுத் தட்டாகப் பிரித்து, தள்ளுவண்டிகளில் அடுக்கி, தூக்கி உயர்த்தும் லாரியில் விமானக் கதவு வரை ஏற்றுவார்கள். மேலே போனபின் மீண்டும் சூடாக்கப்படும். அந்த உயரத்தின் வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் நாக்குக்கு உப்பும் இனிப்பும் குறைவாகவே தெரியும் என்பதால் கீழே ருசி பார்ப்பவர் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். சைவம், அசைவம், சமணர் உணவு, சர்க்கரை நோயாளி உணவு என்று பட்டியல் பயணச்சீட்டுப் பதிவிலிருந்து வரும்; கடைசி நேரத்தில் ஐந்து பேர் கூடினாலும் கூடத்திலிருந்து ஐந்து தட்டு ஓடியாக வேண்டும். விமானத்தோடு இவ்வளவு இறுகப் பிணைந்த தொழிலை விமான நிறுவனம் நடத்துவதில் பொருள் இருக்கிறது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன வழி இதுதான். 1972இல் விமான நிலையச் சேவைக்கும் உணவுக்கும் சாட்ஸ் என்ற துணை நிறுவனம் அமைத்தது. பழுதுபார்ப்புப் பிரிவையும் பின்னர் தனி நிறுவனமாக்கியது. இரண்டையும் 2000இல் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. பிற நிறுவனங்களின் வேலையையும் எடுத்துச் செய்ததால் சிங்கப்பூர் வழியாக யார் பறந்தாலும் அவற்றுக்கு வருமானம் வந்தது. 2009இல் சாட்ஸ் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டுப் பறக்கும் தொழிலில் நின்றுகொண்டது. 2001இல் தாஜ் விடுதிக் குழுமத்தோடு சேர்ந்து சாட்ஸ் அமைத்த தாஜ்சாட்ஸ், இந்திய விமான உணவுச் சந்தையில் செஃப்ஏருக்கு வலுவான போட்டியாயிற்று.

1990களின் இறுதியில் அரசு தன் தொழில்களை விற்கத் தொடங்கியபோது சென்டார் விடுதிகள் பட்டியலில் ஏறின. விற்பனை நடந்தது அருண் ஷோரி பங்கு விலக்கல் துறை அமைச்சராக இருந்த காலத்தில். 2002இல் ஜுஹு விடுதி டியூலிப் ஹாஸ்பிடாலிட்டிக்கு 153 கோடி ரூபாய்க்குப் போனது. மும்பை விமான நிலைய விடுதியை பாத்ரா ஹாஸ்பிடாலிட்டி 83 கோடிக்கு வாங்கியது. வாங்கிய சில மாதங்களுக்குள் அதையே சஹாரா குழுமத்துக்கு 115 கோடிக்கு விற்றது. அரசின் சொத்து இவ்வளவு குறுகிய காலத்தில் 32 கோடி கூடுதல் விலைக்குக் கைமாறியது நாடாளுமன்றத்தில் பெரும் கேள்வியானது. கேள்வி நியாயமானதே. ஊழியர் பொறுப்பு, நிலக் குத்தகை நிபந்தனை ஆகியவற்றால் மதிப்புக் குறைந்தது என்ற விளக்கம் முதல் விற்பனைக்குப் பொருந்தினால் இரண்டாம் விற்பனைக்கும் பொருந்தியிருக்க வேண்டும்.

சஹாரா கையில் அந்த விடுதி சஹாரா ஸ்டார் ஆகி, நடுமுற்றத்தின் மேல் பெரிய கண்ணாடிக் கூரையோடு புதுப்பிக்கப்பட்டது. சஹாராவும் 1993 முதல் விமானம் ஓட்டிய குழுமம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2007இல் தன் விமான நிறுவனத்தை ஜெட் ஏர்வேஸுக்கு 1,450 கோடிக்கு விற்றது, விடுதியை வைத்துக்கொண்டது. வாங்கிய ஜெட் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது.

தமிழ்நாட்டில் எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. காற்றாலை செய்த சென்னையின் என்இபிசி குழுமம் 1990களில் விமானத்துக்கு வந்து, தமானியா நிறுவனத்தையும் வாங்கி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றது. மதுரை நூற்பாலைக் குடும்பம் 2005இல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ், எம்ப்ரேயர் விமானங்களில் உயர்வகுப்பு இருக்கைகளை மட்டும் விற்றுச் சிறிது காலம் தென்னகத்தில் நல்ல பெயர் எடுத்தது. விமானக் குத்தகைத் தகராறில் 2010இல் தரையிறங்கியது. நூலும் காற்றாலையும் விமானத்தின் செலவைத் தாங்கவில்லை.

இதே ஆண்டுகளில் செட்டிநாட்டில் விடுதித் தொழில் எந்த விமான நிறுவனத்தின் முதலும் இல்லாமல் வளர்ந்தது. 1999இல் காரைக்குடியில் ஒரு நகரத்தார் குடும்பத்தின் பழைய விருந்தினர் இல்லம் தி பங்களா என்ற பெயரில் விடுதியாகித் தன் சமையலால் பெயர் பெற்றது. கொச்சி வில்லிங்டன் தீவில் 1957இல் காஸினோ ஹோட்டலோடு தொடங்கிய சிஜிஎச் எர்த் நிறுவனம் கானாடுகாத்தானில் விசாலம் என்ற வீட்டை விடுதியாக்கியது. சிதம்பர விலாஸ், சாரதா விலாஸ் என்று வேறு வீடுகளும் சேர்ந்தன. ஆத்தங்குடிக் கல்லுக்கு மீண்டும் தேவை வந்தது இவற்றின் வழியாகவும்தான். பழைய தரையைச் சரிசெய்யவும் புதிய அறைகளுக்குப் போடவும் பட்டறைகளுக்கு வேலை வந்தது. வெளிநாட்டுப் பயணி மதுரையிலோ திருச்சியிலோ இறங்கி, தொண்ணூறு கிலோமீட்டர் அளவு காரில் வந்து இங்கே சேர்கிறார். போர்க்காலத்தில் பிரிட்டிஷார் செட்டிநாட்டில் போட்ட ஓடுதளத்தைப் பயணிகள் சேவைக்குத் திருப்ப வேண்டும் என்ற கோரிக்கை இப்பகுதியில் பலமுறை எழுந்திருக்கிறது. இங்குள்ள விடுதிகளின் அறைகள் சில பத்துகளே. நாள்தோறும் ஒரு விமானத்தை நிரப்ப அவற்றால் மட்டும் ஆகாது. காரைக்குடியின் வணிகமும் கல்வி நிறுவனங்களும் சேர்ந்தால்தான் அந்தக் கோரிக்கைக்குக் கணக்கு ஒத்துவரும்.

விற்காமல் மிஞ்சிய சென்டார்கள் ஏர் இந்தியாவோடு சேர்ந்தே தேய்ந்தன. 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸை இணைத்தபின் தாய் நிறுவனத்தின் கடன் ஏறிக்கொண்டே போனது. ஸ்ரீநகர் விடுதி 2019 ஆகஸ்டில் காஷ்மீர் அரசியல் தலைவர்களைக் காவலில் வைக்கும் இடமாகச் சில மாதம் பயன்பட்டது. 2021இல் டாடா குழுமம் ஏர் இந்தியாவுக்கு 18,000 கோடி கேட்டு ஏலத்தில் வென்றது. அதில் 15,300 கோடி கடனை ஏற்பது, 2,700 கோடி ரொக்கம். 2022 ஜனவரி 27இல் நிறுவனம் கைமாறியது. ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், தரைச் சேவை நிறுவனமான ஏஐசாட்ஸின் பாதிப் பங்கு ஆகியவை டாடாவிடம் போயின. 1903 முதல் மும்பையில் தாஜ் நடத்திவரும் குழுமத்துக்கு சென்டார் தேவைப்படவில்லை. ஹோட்டல் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா, நிலங்களோடும் மிஞ்சிய கடனோடும் ஏஐ அசெட்ஸ் ஹோல்டிங் என்ற அரசு நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்தது.